கதவை எத்தனை நிமிடம் திறந்து வைப்பீர்கள்?

உலான்பத்தார்
ஒன்பது ஒன்பது நாளாக எண்ணும் குளிரின் மூன்றாம் ஒன்பது, ஐந்தாம் நாள்

அன்புள்ள தம்பி லுவ்சனுக்கு,

அக்கா தேஜித்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கொரியாவில் நீயும் உன் தொழிற்சாலை எந்திரங்களும் நலமாக இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தில் எழுதிக் கொல்கிறாள் என்று நினைப்பாய். போனில் என் விரலை நம்ப முடியவில்லை. போன மாதம் என் சம்பந்தியம்மாள் முடி வெட்டிக்கொண்ட அழகைப் பற்றி உனக்கு எழுதியதைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். அதற்கு முதல் ஆளாகக் கும்பிடு பொம்மை அனுப்பியது அந்தச் சம்பந்தியம்மாள்தான். இந்தக் கடிதம் உன் கண்ணுக்கு மட்டும். வியாழக்கிழமை விமானத்தில் அங்கே வருகிற அல்தனிடம் கொடுத்தனுப்புகிறேன். இன்னும் இரண்டு வருடம் இருப்பதாக இருபதாம் தேதி நீ கையெழுத்துப் போடப் போகிறாய் என்று உன் பெண்டாட்டி உயங்கா சொன்னாள். அதற்கு முன் இது உன் கைக்கு வந்துவிடும்.

முதலில் வீட்டுச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை மலைச்சரிவில் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். ஏறினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி வழியில் தண்ணீர் வண்டிக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். வண்டி பலமாக முனகியது. எஞ்சின் பழசு என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

உயங்கா நலம். உன் பிள்ளை அனுஜினுக்கு ஒன்பது மாதத்தில் இரண்டு பல். சிரித்தால் நம் அப்பாவேதான், மீசை மட்டும் இல்லை. கொஞ்சம் இருமல் இருக்கிறது. கேட்டால் உயங்கா, "அது ஒண்ணுமில்லக்கா, பல்லு மொளைக்கிற இருமல்" என்கிறாள். நானும் முப்பத்திரண்டு பல் முளைத்தவள்தான். எந்தப் பல்லுக்கும் இருமியதாக நினைவில்லை.

"குளிர் போறவரைக்கும் எங்கிட்ட வந்து இருடி. நாலாவது மாடி, சுவரோட சுடுதண்ணிக் குழாய் ஓடுது, கரியும் வேணாம் புகையும் வேணாம்" என்று பத்தாவது முறையாகக் கூப்பிட்டேன். அவள் தேநீரில் உப்பைப் போட்டுக்கொண்டே, "அடுப்ப அணைச்சிட்டு எப்படிக்கா வர்றது? அவரு திரும்பி வர்றப்ப வீடு சில்லுனு கெடக்கணுமா? உங்க அப்பா அம்மா வெச்சிட்டுப் போன நெருப்பு. கடைக்குட்டிக்குன்னு குடுத்தது. நான் அணைக்கிறதா?" என்றாள். என் வாய் அடைத்துப் போயிற்று. அது அபூர்வமான சம்பவம் என்பதால் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

உன் ஆட்டுத்தோல் கோட்டு கதவோரம் தொங்குகிறது. நீ கிளம்புகிற அவசரத்தில் விழுந்த பொத்தானுக்குப் பதிலாக என் மழைக்கோட்டிலிருந்து ஒரு பச்சைப் பொத்தானைப் பிய்த்துத் தைத்துக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? நாலு கறுப்புக்கு நடுவில் ஒரு பச்சை. "என்னக்கா, சிக்னல் விளக்கு மாதிரி இருக்கு. இதப் போட்டுக்கிட்டு நின்னா வண்டியெல்லாம் எம்மேல ஏறும்" என்று சொல்லிக் கோட்டையே விட்டுவிட்டுப் போனாய். அந்தப் பொத்தான் இன்னும் விழவில்லை. என் தையலில் இந்த உலகத்தில் நிலைத்தது அது ஒன்றுதான்.

இனி என் பிழைப்பு. இந்தக் குளிருக்கு எங்கள் ஆய்வு நிலையத்தில் ஒரு பெரிய வேலை வந்தது. மலைச்சரிவு வீடுகள் எப்படி இருக்கின்றன, உள்ளே மூச்சுவிடும் காற்று எப்படி இருக்கிறது என்று போனிலேயே பதில் சொல்லும்படி ஒரு கேள்விப் படிவம் செய்ய வேண்டும். கேள்விகள் எழுதுவது நான். அதைத் திரையில் ஓடவிடுவது மரல் என்கிற கெட்டிக்காரப் பெண். மேலே இருந்து தலையாட்டுவது இயக்குநர் சோய்ஜம்ட்ஸ். அவருக்கு அறைக்குள்ளும் நரித்தோல் தொப்பி. தலை வழுக்கை என்பது ஊருக்கே தெரியும், அவருக்குத்தான் இன்னும் செய்தி போகவில்லை.

முதல் படிவத்தில் நான் கேட்ட கேள்வியைச் சொல்கிறேன், சிரிக்காதே. எந்த அறையில் சமைக்கிறீர்கள்? எந்த அறையில் தூங்குகிறீர்கள்? இரண்டுக்கும் ஒரே பதில் போட்டால், 'வேறு அறையைத் தேர்ந்தெடுக்கவும்' என்று சிவப்பு எழுத்து வந்து அடுத்த பக்கம் போக விடாது. வட்டமாக ஒரு கம்பளிக் கூடாரம், நடுவில் அடுப்பு, சுற்றிக் கட்டில். வேறு அறைக்கு அவர்கள் எங்கே போவார்கள்? இதை எழுதியவள் அதே மாதிரிக் கூடாரத்தில் பிறந்து அடுப்போரம் தவழ்ந்தவள். பதினொரு வருடம் நாலாவது மாடியில் இருந்ததில் மண்டைக்குள்ளும் சுவர் எழுப்பிவிட்டார்கள். உங்கள் பக்கத்து வேலி ஹந்தா அக்காவிடம் சோதனைக்குக் கொடுத்தேன். அவள் கால் மணி நேரம் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஆபீஸ்ல ஒரு ரூமு காலியா இருந்தா சொல்லு தேஜித்மா, அதையே போட்டுடறேன்" என்றாள்.

அந்தக் கேள்வியைத் திருத்தி இருநூறு வீட்டில் வெள்ளோட்டம் விட்டோம். அடுப்பு மூட்டும்போது வீட்டுக்குள் புகை வருகிறதா என்பது அதில் முக்கியமான கேள்வி. இருநூறில் நூற்றுத் தொண்ணூற்றேழு பேர் 'இல்லை' என்று அமுக்கியிருந்தார்கள். சோய்ஜம்ட்ஸ் தொப்பியைத் தட்டிக்கொண்டார். "பாத்தீங்களா, நாமதான் தேவையில்லாம பயந்துட்டிருக்கோம். காத்து ஜம்முனு இருக்கு. எழுதி முடிங்க" என்றார். அவர் சொன்னபோது எங்கள் ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் தெரியவில்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. மறுநாள் விடிகாலையில் ஹந்தா அக்கா வீட்டில் போய் உட்கார்ந்தேன். அவள் கரிக்கட்டியைப் போட்டுப் பற்றவைத்தாள். காற்று எதிர்த்து அடிக்கிற நாள். புகைக்குழாய் இழுக்கவில்லை. மூன்று நிமிடத்தில் அவள் முகம் மறைந்து, குரல் மட்டும் இருந்தது. அந்த நிலையிலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'இல்லை' என்றே அமுக்கினாள்.

"என்னக்கா இது, நீங்க எந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்கன்னே தெரியல. புகை இல்லைங்கிறீங்களே?" என்றேன்.

"மெதுவாப் பேசுடி. அடுப்புக்குக் கேக்கும். அதும் மொகத்துக்கு நேரா அத நான் கொற சொல்லணுமா? நாளைக்குக் கோவிச்சுக்கிட்டு எரியலன்னா நீ வந்து ஊதுவியா?" என்று புகைக்குள்ளிருந்து பதில் வந்தது.

தம்பி, தலையில் அடித்துக்கொண்டேன். நம் அம்மா அடுப்புக்கு எதிரில் ஒரு கெட்ட வார்த்தை பேச விட்டிருக்கிறாளா? கத்தி முனையை அதன் பக்கம் திருப்ப விட்டிருக்கிறாளா? தேநீரில் முதல் சொட்டு யாருக்கு? அந்த அடுப்பைப் பற்றிப் போனில் புகார் கொடு என்று இருநூறு வீட்டைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

எட்டு நாள் உட்கார்ந்து எல்லாக் கேள்வியையும் மாற்றினேன். 'அடுப்பு', 'புகை' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து எங்கும் வர விடவில்லை. அடுப்பு குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிற்று. காலையில் எத்தனை மணிக்குக் கதவைத் திறப்பீர்கள்? கதவை எத்தனை நிமிடம் திறந்து வைப்பீர்கள்? அந்த நேரத்தில் குழந்தை எங்கே இருக்கும்? கட்டிலில், மடியில், பக்கத்து வீட்டில், மற்றவை. 'மற்றவை' என்பதற்குக் கீழே சொந்தமாக எழுத ஒரு கட்டம். எண்ணுவது கஷ்டம், கட்டம் வேண்டாம் என்று சோய்ஜம்ட்ஸ் இரண்டு நாள் சண்டை போட்டார். நான் மூன்று நாள் போட்டேன்.

முதல் பக்கத்தில் ஒரு வாக்குறுதியும் எழுத வேண்டும். பதில் யாருடையது என்பதை யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று எல்லோரும் எழுதுவதுதான். எனக்குத்தான் அடங்காத கை ஆயிற்றே, கூடவே 'உங்கள் கணவருக்கும், மாமியாருக்கும், நாத்தனாருக்கும் சொல்ல மாட்டோம்' என்று சேர்த்தேன். மரல் விழுந்து விழுந்து சிரித்தாள். நாத்தனாரைச் சேர்த்தது என்னையே கிண்டல் செய்துகொள்ளத்தான்.

படிவத்தை நாங்கள் நூறு பேருக்குத்தான் அனுப்பினோம். சந்துக்குச் சந்து, போனுக்குப் போன் தாவி, பன்னிரண்டு நாளில் மூவாயிரத்து நூற்று நாற்பது வீடுகள் பதில் சொல்லிவிட்டன. போன புதன் காலை மரல் அதை நகர வரைபடத்தின்மேல் ஏற்றினாள். ஒரு கதவு திறந்தால் ஒரு மஞ்சள் புள்ளி. மூடினால் புள்ளி அணையும். அறை விளக்கை அணைத்துவிட்டு ஓடவிட்டாள்.

ஐந்து மணிக்கு இங்கொன்று அங்கொன்றாக மூன்று புள்ளி. ஐந்தரைக்கு வடக்குச் சரிவின் அடிவாரத்தில் ஒரு வரிசை. பிறகு அது மேலே ஏற ஆரம்பித்தது. ஒரு வீடு, அதன் பக்கத்து வீடு, அதற்கு மேல் வீடு. ஆறேகாலுக்கு மலை முழுவதும். யாரும் யாருக்கும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. ஒருத்திக்குத் தெரியாமல் அடுத்தவள், இருட்டில் எழுந்து, கதவைத் திறந்து, குளிரை உள்ளே விட்டு, தன் வீட்டு மூச்சை வெளியே அனுப்புகிறாள். மலை அணைந்து அணைந்து எரிந்தது. இருபது வருடமாகக் கேள்வி எழுதிச் சாப்பிடுகிறேன். ஆட்களை நான் சதவீதமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு மலையே மூச்சு விடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாங்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தோம். எப்போது எழுந்தோம் என்று தெரியாது. மரல் மெதுவாக, "அக்கா, ஊரு கண்ணு முழிக்குதுக்கா" என்றாள். திரும்பிப் பார்த்தால் சோய்ஜம்ட்ஸ் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்திருந்தார். அந்த வழுக்கையைப் பற்றி எனக்கு ஒரு கேலிகூடத் தோன்றவில்லை. என் நிலைமையைப் புரிந்துகொள்.

அதற்குப் பிறகு, இந்தத் திங்கட்கிழமை, 'மற்றவை' கட்டத்தைப் படிக்க உட்கார்ந்தேன். குழந்தை எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு நாற்பத்தோரு தாய்மார்கள் கிட்டத்தட்ட ஒரே பதிலை எழுதியிருந்தார்கள். குழந்தையை அதன் அப்பாவின் கோட்டுக்குள் விட்டுப் பொத்தான் போட்டு, உள்ளே தெளிகிறவரை வாசலில் நிற்கிறோம் என்று. இந்த மூன்றாம் ஒன்பதில், விடியாத இருட்டில். உள்ளே இருந்தால் தன் வீட்டுப் புகை, வெளியே நின்றால் ஊரார் புகை. கோட்டுக்குள் மட்டும்தான் கொஞ்சம் காற்று.

கணக்கைச் சொல்லலாம் தம்பி, ஆளைச் சொல்லக் கூடாது. எழுதிக் கொடுத்த வாக்கு. அதனால் நாற்பத்தொன்று என்று மட்டும் சொல்கிறேன். அதில் ஒருத்தி கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தாள். இருபது நிமிடம் நிற்பதாகவும், இருமல் வந்தால் குழந்தை கோட்டின் ஒரு பொத்தானைத் தேடிப் பிடித்து வாயில் வைத்துக்கொள்வதாகவும், அப்புறம் அடங்கிவிடுவதாகவும். அந்தப் பொத்தானின் நிறத்தையும் எழுதியிருந்தாள். நான் சொல்ல மாட்டேன். நாத்தனாருக்குச் சொல்ல மாட்டோம் என்ற ஒரு வரியை நம்பி, யாரிடமும் சொல்லாததைத் தன் போனிடம் சொல்லியிருக்கிறாள். அந்த நம்பிக்கைக்கு முன்னால் என் வாய் இரண்டாவது தடவையாக அடைத்தது. ஒரே மாதத்தில் இரண்டு. உடம்புக்கு ஆகாது.

ஆகவே இந்தக் கடிதத்தில் நான் உனக்கு எதுவும் சொல்லவில்லை. இரண்டு காரியம் மட்டும் கேட்கிறேன்.

நீ எப்போதும் சாயங்காலம் கூப்பிடுகிறாய். அப்போது அடுப்பு நன்றாக எரியும், குழந்தை சிரிக்கும், எல்லாம் நலமாக இருக்கும். ஒரு நாள் உனக்கு ஏழரை, எங்களுக்கு ஆறரை மணி ஆகும்போது கூப்பிடு. எதுவும் விசாரிக்காதே. சும்மா கேட்டுக்கொண்டிரு.

அப்புறம், அடுப்பு உன்னுடையது. மூத்தவளாக இருந்தும் அதை அணை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவளுக்கும் இல்லை. நீ ஒருவன் சொன்னால் அதற்குக் கோபம் வராது. சொல்லிவிடு. அதன் சாம்பலில் ஒரு பிடியைச் செப்புக் கிண்ணத்தில் எடுத்து வந்து என் வீட்டுச் சமையலறையில் வைத்துக் காக்கிறேன். தினமும் தேநீரின் முதல் சொட்டு அதற்குத்தான். நான் அதுவரை சுடச்சுடக் குடிக்காமல் காத்திருப்பேன் என்றால் எவ்வளவு பெரிய தியாகம் என்று உனக்குத் தெரியும். நீ வந்து நின்றால், நீயே மறுபடி மூட்டலாம்.

வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நம் அம்மா அப்பா பார்த்த அதே வானம் உன் தலைக்கு மேலும் தெளிவாக இருக்கட்டும். நீ விடும் மூச்சும் உன் பிள்ளை விடும் மூச்சும் ஒரே கூரைக்குக் கீழே சேரட்டும்.

உறையைத் தூக்கிப் போடாதே, உள்ளே ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும். என் மழைக்கோட்டில் மிச்சமிருந்த இன்னொன்று. இருபதாம் தேதி கையெழுத்துப் போட உட்காரும்போது, அதைக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் அக்கா,
தேஜித்மா