எத்தனால் மெஷினும் என் கையெழுத்தும்

மச்சான்,

இன்று காலை எங்கள் தெருமுனையில் புல் வெட்ட வந்தவர், தோளில் மாட்டும் மெஷினைத் தரையில் வைத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். அது கிளம்பவில்லை. கூட வந்த மேஸ்திரி, "சைனா ஐட்டம், அப்பிடித்தான் இருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். நான் கிட்டே போய் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தேன். புளித்த வாடை. மழைக்கு முன்னால் ஊற்றிய பெட்ரோல் அப்படியே கிடந்திருக்கிறது.

"இத முழுக்கக் கொட்டிட்டு கார்பரேட்டரக் கழட்டிக் கழுவுங்க. ரப்பர் டியூபும் ஊதிப் போயிருக்கும், மாத்துங்க" என்றேன். வேட்டி கட்டிய கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தார். நீ சொல்லித் தெரியும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

கடலூர் முதுநகரில் உன் பட்டறை. படகு எஞ்சின் பார்த்துப் பழகிய கை உனக்கு. எங்கள் கல்லூரிக்கு நீ வந்தது லான் மெஷின் பார்க்க. அந்தக் கல்லூரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயில் கசக்கிறது. வாசலில் மூன்று ஏக்கர் புல்தரை. மாணவன் உட்காரக் கூடாது, மாடு மேயக் கூடாது, சின்ன வேலைக்காரர்கள் குறுக்கே நடக்கக் கூடாது. ஆண்டுவிழா மலரின் அட்டைப் படத்துக்காக மட்டும் தண்ணீர் குடித்து வளர்ந்த புல். அதை வெட்ட நாலு மெஷின். நாலும் மழைக்காலம் முடிந்ததும் ஒன்றுபோலப் படுத்துக்கொள்ளும்.

நான் அங்கே வேதியியல் ஆய்வகத்தின் ஸ்டோர் கீப்பர். ஒரு நாள் நீ என் கவுண்டருக்கு வந்து அளவு போட்ட கண்ணாடிக் குழாய் கேட்டாய். நூறு அளவு பெட்ரோலும் பத்து அளவு தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தாய். கொஞ்ச நேரத்தில் அடியில் நின்ற தண்ணீர் முப்பதாகியிருந்தது.

"பாத்தியா மச்சான்? பெட்ரோல்ல கலந்திருக்கற எத்தனால் அம்புட்டும் தண்ணியோட போயிடுச்சு. தெனம் ஓடற வண்டிக்கு இதால ஒண்ணும் ஆவாது. இது மாசக்கணக்குல சும்மா கெடக்குற மெஷினு. காத்துல இருக்கற ஈரத்த இழுத்து அடியில சேத்து வெச்சுக்குது."

பார்த்த அன்றைக்கே என்னை மச்சான் என்றாய். அந்தக் கல்லூரியில் பதினெட்டு வருஷமாக என்னை எல்லாரும் "ஸ்டோர்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்தச் சேதி துறைத் தலைவர் காதுக்குப் போனது. அவர் பெயரை எழுத மாட்டேன். பெயருக்கு முன்னால் முனைவர், பின்னால் நாலு பட்டம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று தெரியாத மனிதர். கல்லூரிக்குத் தரம் போட ஒரு குழு வர இருந்தது. "பசுமை வளாகம்" என்று காட்ட அவருக்கு ஏதாவது வேண்டும்.

"கலப்புப் பெட்ரோல்தானே பிரச்சினை? முழுக்க எத்தனாலிலேயே ஓட்டிக் காட்டுங்களேன்" என்றார் உன்னிடம். பெரிய தத்துவத்தைக் கண்டுபிடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். நீ சிரித்தாய். அது நீ மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்த விஷயம்.

நீ மூன்று வாரம் உழைத்தாய். எத்தனால் பெட்ரோலைவிட ஜாஸ்தி போக வேண்டும் என்று கார்பரேட்டருக்குள் எரிபொருள் போகும் ஜெட்டின் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினாய். ரப்பர் டியூபையெல்லாம் தூக்கிப் போட்டு வேறு போட்டாய். ஆய்வுக்கென்று அனுமதி வாங்கி, பெண்ணாடம் சர்க்கரை ஆலையிலிருந்து வந்த எத்தனாலை என் ஸ்டோரிலிருந்து அளந்து அளந்து கொடுத்தேன். "பெண்ணாடத்துக் கரும்பு புல்லு வெட்டப் போவுது மச்சான்" என்பாய். முதல் முறை எஞ்சின் பிடித்துச் சீராக ஓடியபோது சாராய வாடை அடித்தது. தோட்டவேலை பார்த்த அஞ்சலை, "ஏண்ணா, மெஷினு குடிச்சிருக்குதா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். அந்தக் கல்லூரியில் நான் மனசுவிட்டுச் சிரித்த நாட்கள் அந்த மூன்று வாரம்தான்.

அந்த வாரங்களில் ஒரு மத்தியானம் நீ என்னை வெயிலில் நிற்கவைத்தாய். சிமெண்ட் தரையில் ஒரு ஸ்பூன் எத்தனாலை ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அணஞ்சுடுச்சா?" என்றேன். நீ ஒரு காகிதத்தை மேலே நீட்டினாய். அது சுருண்டு கருகியது.

"வெயில்ல இது எரியறது கண்ணுக்கே தெரியாது மச்சான். சூடா இருக்கறப்ப ஊத்தக் கூடாதுன்னு மெஷின்லயே எழுதி ஒட்டணும்."

துறைத் தலைவரிடம் இரண்டு பேரும் போய்ச் சொன்னோம். "குழு வர்றப்போ அபாயம்னு போர்டு வெச்சா பசுமை எங்கேய்யா தெரியும்?" என்றார். எழுதி ஒட்ட விடவில்லை.

குழு வந்த நாள் நல்ல உச்சி வெயில். நாலைந்து கோட்டுகள், பொன்னாடைகள், புகைப்படக்காரர். நீ மெஷினை ஓட்டிக் காட்டினாய். துறைத் தலைவர் பக்கத்தில் நின்று, "எங்கள் துறையின் ஆராய்ச்சி" என்று விளக்கினார். நீ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எத்தனால் தீர்ந்து எஞ்சின் நின்றது. இன்னொரு தடவை பார்க்கலாமே என்றார் குழுவில் ஒருவர். துறைத் தலைவர் என் பக்கம் கையை நீட்டினார். கேனை நான் கொடுத்தேன்.

"சார், சூடு ஆறட்டும் சார்" என்றாய். படத்துக்கு முகம் காட்டிக்கொண்டே அவர் ஊற்றினார். சூடான எஞ்சின்மேல் வழிந்து புல்லில் இறங்கியது.

யார் கண்ணுக்கும் நெருப்புத் தெரியவில்லை. வெட்டின புல்லை வார அஞ்சலை கூடையோடு குனிந்திருந்தாள். "என்னாமோ சுடுதே" என்றாள். அவள் புடவை ஓரம் தானாகக் கறுத்துக்கொண்டே மேலே ஏறியது. நீ ஒருவன்தான் புரிந்துகொண்டாய். அவளைக் கீழே தள்ளி, கண்ணுக்குத் தெரியாத அந்த நெருப்பை வெறும் இரண்டு கையாலும் அடித்து அணைத்தாய். துறைத் தலைவர் கேனைப் போட்டுவிட்டு ஓடியதை நான் பார்த்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் குழுவைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அன்று மதியம் பாயசம் இரண்டு வகை. கல்லூரிக்கு நல்ல தரமே கிடைத்தது.

அஞ்சலைக்கு முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிருந்தது. உனக்கு இரண்டு கையும். மூன்றாம் நாள் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தட்டச்சு செய்த ஒரு தாள் தயாராக இருந்தது. "எத்தனால் கேனை வெளி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் கவனக்குறைவாக ஊற்றினார்." கீழே என் பெயர். என் மகள் அங்கே இரண்டாம் வருஷம், ஊழியர் பிள்ளைகளுக்கான இடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "பொண்ணு நல்லாப் படிக்குதாமே" என்றார் துறைத் தலைவர். அவ்வளவுதான் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். இந்த மடலில் நான் யார் யாரையோ இகழ்கிறேன், மச்சான். அந்த வரிசையில் முதல் ஆள் நான்.

அன்றைக்கே கடலூர் அரசு மருத்துவமனைக்கு வந்து உன்னிடம் சொன்னேன். உன் இரண்டு கையிலும் கட்டு.

"போட்டுட்டியா? சரி வுடு. பொண்ணு படிப்பப் பாரு. எனக்கு ஒண்ணும் வேணாம்."

நீ திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். உன் பெருந்தன்மையை நான் வெறுத்தேன். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறவனை மிதிக்காமல் வேறு யாரை மிதிப்பார்கள் என்று உன்மேலேயே ஏளனம் வந்தது. அதற்கப்புறம் உன் விரல்கள் முழுசாக மடங்கவில்லை. சின்ன ஸ்க்ரூ கையில் நிற்காது. ஜெட் துளையை வாயில் வைத்து ஊதி, சத்தத்திலேயே அளவு சொன்ன நீ, கடைசியில் படகுகளின் பெரிய நட்டுகளை மட்டும் திருகிக்கொண்டிருந்தாய். துறைத் தலைவர் கல்லூரி முதல்வரானார். எத்தனால் மெஷினுக்காக எங்கேயோ ஒரு விருதும் வாங்கினார். மேடையில் காட்டிய படத்தில் மெஷினின் கைப்பிடியைப் பிடித்திருந்த உன் இரண்டு கை மட்டும் தெரிந்தது. மேலே வெட்டியிருந்தார்கள்.

சில வருஷம் கழித்து உன் மாரடைப்புச் செய்தி வந்து, சாவுக்கு வந்தபோது அஞ்சலையை அங்கே பார்த்தேன். காலை இழுத்து இழுத்து நடந்தாள். என்னிடம் நேராக வந்தாள்.

"கையெழுத்துப் போட்டது நீங்கதான?"

"ஆமா."

"ஊத்துனது அவரில்ல. பெரிய சாரு. நான் பாத்தேன். என்னிய யாருமே கேக்கல."

வெந்தவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நடந்ததை நடந்தபடி என் கையாலேயே எழுதினேன். கேனை யாரிடம் கொடுத்தேன், யார் ஊற்றினார், யார் ஓடினார், எல்லாம். என் பொய்க் கையெழுத்தையும் எழுதினேன். அஞ்சலை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, கீழே தன் பெயரைப் போட்டாள். இரண்டு பேரும் கல்லூரிக்குப் போனோம். முதல்வர் படித்துவிட்டுச் சிரித்தார். "ஆளே போயிட்டாரு. இப்ப இது யாருக்கு?" என்றார். "எனக்கு" என்றாள் அஞ்சலை. அவர் அவளை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. வெளியில் ஒரு குமாஸ்தா மட்டும் தலை நிமிராமல் எங்கள் நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கும் என்று நான் நினைக்கவுமில்லை.

நகலை எடுத்துக்கொண்டு முதுநகருக்கு வந்து உன் மனைவியிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரி வரைக்கும் கேட்டார்கள். "அவர் ஒண்ணும் வேணாம்னுதான் சொன்னார். என் மனசுக்காகத்தான் எழுதினேன்" என்றேன்.

"வேணாம்னாரா? உங்க முன்னாடி அப்பிடித்தான் சொல்லுவாரு. நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கி செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவருதான். ரெண்டு நாளு எங்கிட்டகூடப் பேசல, ஒரு வாயி கஞ்சி குடிக்கல. மூணாம் நாளு, 'அவனாவது ஊத்துனது நானில்லன்னு சொல்லுவான்னு நெனச்சேன்'னாரு. இந்தத் தாளு அப்ப வந்திருந்தா, சட்டப் பையில வெச்சுக்கிட்டு கடலூரு முழுக்கக் காட்டியிருப்பாரு."

நான் இத்தனை வருஷம் வெறுத்த பெருந்தன்மை உன்னிடம் இருக்கவே இல்லை, மச்சான். நீ என்னை எதிர்பார்த்திருக்கிறாய்.