அப்பாவின் ரத்தத்தில் பெத்தாய்

அன்புள்ள கிளாரிஸுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் இருவரும் சுகம், பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை பிரெண்டனும் அப்படியே இருக்க வேண்டும். சுகம் என்று நான் சொன்னால் நீ நம்பமாட்டாய், ஆனால் அப்பா இப்போது மம்பாவ் கடைத்தெருவுக்கு நடந்துபோய் நடுவழியில் நிற்காமல் திரும்புகிறார், புது மாத்திரை வேலை செய்கிறது. ஆஸ்துமா என்று நாம் வருடக்கணக்காக நம்பியது நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் என்று தெரிந்ததும், ஆராய்ச்சிக்காரர்கள் அவரைச் சேர்த்துக்கொண்டதைச் சொன்னேன் அல்லவா. இதை ஓமிக்ஸ் ஆராய்ச்சி என்கிறார்கள். மரபணு, புரதம், ரத்தத்தில் ஓடும் சின்னச் சின்னப் பொருள்கள் எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கில் அளந்து, இதய ஸ்கேன், நடை, தூக்கம் வரை சேர்த்துப் பார்த்தால், ஒரே பெயருள்ள நோய் ஆளுக்கு ஆள் எப்படி வேறுபடுகிறது என்று தெரியுமாம். இத்தனை அளந்தால் எதுவாவது தற்செயலாகவே மாட்டுமே என்றேன். ரோகினி என்ற ஆராய்ச்சிப் பெண் கோபப்படாமல், "அதனாலதான் ஆன்ட்டி இன்னொரு நோயாளிக் கூட்டத்துலயும் சரிபார்க்கிறோம்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

மாட்டியது என்ன தெரியுமா, அப்பா ரத்தத்தில் வேறு யாரிடமும் இல்லாத ஏதோ கந்தகப் பொருள். ரத்தம் எடுப்பதற்கு முதல் நாள் சாதாரணச் சாப்பாடுதான் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று ரோகினி போனில் கேட்க, இவர் "கஞ்சிதான் லா" என்று சாதித்தார். அன்று நாங்கள் லிங்கியில் விக்டோரியா அத்தை வீட்டில் இருந்தோம். அவளைக் கேட்டேன். "அண்ணன் ரெண்டு தட்டு பெத்தாய் சம்பல் அடிச்சாரு அண்ணி, ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு." அந்த நாற்றக் கொட்டையின் கந்தகம்தான் ரத்தத்தில் மாட்டியிருக்கிறது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். "நல்லவேளை அங்கிள், புது நோய்னு பேரு வச்சிருப்போம்" என்று ரோகினி சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை, ஊசி வலித்ததாம்.

நீ கேட்கத் தயங்குவதற்கு வருகிறேன். அப்பாவின் மரபணு முடிவு வந்துவிட்டது, இந்த நோயைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் என்று தெரிந்த மாற்றம் எதுவும் இல்லை. கோவிலில் ஞாயிறு ஆராதனைக்கு வந்த எல்லாரிடமும் அவர் சொல்லியாயிற்று. நான் டாக்டரிடம், தெரியாத மாற்றம் இருந்தால் என்றேன். தெரியாததை எங்களால் தேட முடியாது, ஆனாலும் உங்கள் மகளுக்குப் பயம் பெரிதும் குறைந்தது என்றார். குறைந்தது, தீரவில்லை. இந்த நோயோடு கர்ப்பம் ஆபத்து, ஆகவே குழந்தைக்குத் தயாராகும் முன் அங்கே டாக்டரிடம் அப்பாவைப் பற்றிச் சொல்லி ஒருமுறை இதய ஸ்கேன் எடுத்துக்கொள். போனில் சொன்னால் அப்பா கேட்டுக்கொண்டிருப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் பின்பக்கம் தொட்டியில் பெத்தாய் விதை போட்டிருக்கிறார், பேரப்பிள்ளை பறிக்குமாம். இந்த வரிசை வீட்டில் அந்த மரம் வளர்ந்தால் கூரை மிஞ்சாது. முளை வந்துவிட்டது, நான் பிடுங்கவில்லை. ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக. ஸ்கேன் தேதி கிடைத்ததும் சொல்.

பிரியமுள்ள,
அம்மா