இடைவேளைக்குப் பின் நீ மட்டும் பார்த்த படம்

அண்ணே,

எங்கள் குடியிருப்பு வாசலில் காவலாளி இன்று அங்கீட்டியை மூட்டிவிட்டான். டிசம்பர் பிறந்தால் தில்லியில் எந்தக் கேட்டுக்குப் போனாலும் இந்தத் தகர அடுப்பும், அதில் கனலும் கரியும், சுற்றிலும் கை நீட்டி உட்கார்ந்திருக்கிற ஆட்களும்தான். காய்கறிப் பையோடு வந்தவள் அந்தப் புகை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். ஆன்ட்டி, வந்து குளிர் காயுங்கள் என்று அவன் நகர்ந்து இடம் விட்டான். நான் விறுவிறுவென்று மாடியேறி வந்து வீட்டு ஜன்னல்களை எல்லாம் திறந்துபோட்டேன். என் மகள், உன் மருமகள், பல் கிட்டிக்க, "அம்மா, உனக்குப் பைத்தியமா?" என்றாள். இருந்துவிட்டுப் போகிறது. உன்னிடம் போட வேண்டிய சண்டை ஒன்று பாக்கியிருக்கிறது. அதை எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

ரிங் ரோட்டில் லாரி அடித்து உன் ஒரே பிள்ளை ஜோயல் போனபின், கரோல் பாகில் உன் வீட்டுக்குச் சபைக்காரர்கள் வராத சாயங்காலம் இல்லை. துக்க வீட்டைத் தனியே விடக் கூடாது என்பது நம் ஆட்களின் வழக்கம். ஆர்.கே.புரத்திலிருந்தும் துவாரகாவிலிருந்தும் ஹாட்பேக்கில் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ ஏறி வந்தார்கள். பாடினார்கள், ஜெபித்தார்கள், கர்த்தருக்குச் சித்தமானது அதுதான் என்றார்கள். மதினி வந்தவர்கள் தோளில் சாய்ந்து அழுதாள். நீ செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எப்போது கிளம்புவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் சமையலறையில் என்னை நிறுத்திச் சொன்னாய்: "இவுக ஆறுதல் சொல்லச் சொல்ல அவன் மொகம் மங்கிக்கிட்டே போவுதுட்டி."

அதைக் கேட்டுப் பயந்துதான் உங்கள் இரண்டு பேரையும் சினிமாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு மத்தியானமாவது அந்த வீட்டை விட்டு வெளியே இருக்கட்டும் என்று நினைத்தேன். என்ன படம் என்று யாரிடமும் கேட்கவில்லை. போஸ்டரில் பனியும் மரமும் ஏரியுமாக இருந்தது, மனசு லேசாகும் என்று டிக்கெட் எடுத்துவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தால், மகளைப் பறிகொடுத்த ஒருவன். யாரிடமும் சொல்லாமல் காட்டுக்குப் போகிறான், குடிசை கட்டுகிறான், வந்தபோது காலில் கிடந்த ஷூவை அடுப்பில் போட்டு எரிக்கிறான். அதோடு விளக்கு போட்டார்கள், இடைவேளை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். மதினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினாள். போய்விடலாம் என்று எழுந்தோம். நீ எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்க. நான் மிச்சத்தையும் பாத்துட்டு வாறேன்."

நானும் மதினியும் வெளியே ஒரு பெஞ்சில் காபி ஆறிப்போக உட்கார்ந்திருந்தோம். படம் விட்டு நீ வந்தபோது உன் முகம் தெளிந்திருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு பார்த்த தெளிவு அது. எனக்கு அது பயமாக இருந்தது, ஏன் என்று அப்போது தெரியவில்லை. கடைசியில் அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று மதினிதான் கேட்டாள். "ஒண்ணும் ஆகல," என்றாய். "அங்கயே இருந்தான்."

அப்புறம் நீ நினைத்ததைச் சாதித்துவிட்டாய். விருப்ப ஓய்வு வாங்கினாய். ரயில் நின்று மலை தொடங்குகிற காத்கோதாமுக்கு மேலே, ஜீப்பும் நின்றுவிடுகிற இடத்துக்கு அப்பால், கூட வேலை பார்த்தவர் ஒருவரின் வீடு சும்மா கிடக்கிறது என்று சாவியை வாங்கிக்கொண்டாய். நானும் வருகிறேன் என்று மதினி சேலையை எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். நீ அவளிடம் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "நீயும் வந்தா அது வீடாயிரும்." முப்பது வருடம் உனக்குச் சோறு போட்டவளிடம் பேசுகிற பேச்சா அது? பிள்ளை உனக்கு மட்டுமா செத்தான்? கல்லுளிமங்கன் மாதிரி நின்றாய், ஒருத்தர் சொல்லுக்கும் மசியவில்லை. துக்கப்படுகிறவனிடம் வம்பு பண்ணக் கூடாது என்று நாங்களும் வழி விட்டோம்.

போன வருடம் குளிர் தொடங்கும் முன் நானும் மதினியும் உன்னைப் பார்க்க வந்தோம். இளைத்திருந்தாய், தாடி வளர்ந்திருந்தது, போனை டிரங்குப் பெட்டியில் போட்டு மூடியிருந்தாய். கீழ்க் கிராமத்திலிருந்து ஒரு பெண் தினமும் பால் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள், அவள் ஒருத்திதான் உனக்கு மனித முகம். மதினி கொண்டுவந்த முறுக்கு டப்பாவை நீ திறக்கக்கூட இல்லை. பள்ளத்தாக்கைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிரே யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தாய். இங்ஙன யாரும் எப்படி இருக்கியன்னு கேக்க மாட்டாங்க என்று சந்தோஷமாகவே சொன்னாய்.

நான் பார்த்தது வேறொன்று. உன் படுக்கையறை ஜன்னல் இடுக்கில் எல்லாம் பழைய துணியைக் கிழித்துத் திணித்திருந்தாய். கதவின் அடியில் சாக்கு. ஒரு ஈர்க்குக்கூட நுழையாது. மூலையில் புது அங்கீட்டி, பக்கத்தில் கரி மூட்டை. குளிர் தாங்காமல் கரியடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு, கதவையும் ஜன்னலையும் சாத்திப் படுத்து, காலையில் எழுந்திருக்காமல் போனவர்கள் கதை தில்லியில் ஒவ்வொரு குளிருக்கும் வருகிறது. காற்றுப் போக ஒரு விரல் இடமாவது விடு என்றேன். நீ சிரித்தாய்.

"முப்பது வருசமா டில்லி குளிர்ல கெடக்கேன். எனக்குத் தெரியாதாட்டி?"

தெரியும். உனக்குத் தெரியும் என்பதுதான் அண்ணே என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

ஜனவரியில் போன் வந்தது. கிராமத்து ஆட்கள் கதவை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்ததாம். உன்னைக் கீழே கொண்டுவந்து ஜோயலுக்குப் பக்கத்தில் அடக்கம் பண்ணினோம். அதற்கு முன் அந்தப் பால்காரப் பெண் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி ஒன்று சொன்னாள். நீ போவதற்கு முதல்நாள் காலையில் அவளுக்காக வாசலில் காத்திருந்தாயாம், நாளையிலிருந்து பால் வேண்டாம் என்றாயாம்.

அந்த ஒரு வார்த்தையை மதினி பிடித்துக்கொண்டாள். "அவுக வரத்தான் இருந்தாவ. வீட்டுக்குக் கெளம்புறவுகதான பால் வேண்டாம்னு சொல்லுவாவ?" சபையில் சொன்னாள், எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண்ணிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள், ஊருக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவள் உயிர் அந்த ஒரு நூலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் துணியை நினைத்துக்கொண்டு, ஆமா மதினி, ஆமா என்பேன். நீ உண்மையிலேயே கிளம்பத்தான் இருந்தாயோ என்னவோ. கடைசி ராத்திரிதானே என்று அசந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் முழங்கால் போட்டு ஜெபித்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது மதினி அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாள். விட்ட மிச்சத்தைப் பார்க்க வேண்டும், அவுக கடைசியா ரசிச்சுப் பார்த்தது அதுதானே என்றாள். உன் மருமகள் எங்கேயோ தேடி எடுத்துக் கரோல் பாக் வீட்டு டிவியில் போட்டுக் கொடுத்தாள். ஷூவை எரித்த இடத்திலிருந்து பார்த்தோம். பனி கொட்டுகிறது. அவனுக்குக் காய்ச்சல் காண்கிறது, தனியாகக் கிடந்து பிதற்றுகிறான், பிழைக்கிறான். பனி உருகியதும் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு மலை இறங்குகிறான். தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். பெண்டாட்டி திறக்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை, ஒரு தட்டை எடுத்து மேசையில் வைக்கிறாள். அவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவ்வளவுதான் படம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மடச்சி நான், மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீங்களா, வந்துட்டான் பார்த்தீங்களா என்று அழுகிறேன். மதினி அழவில்லை. படம் முடிந்து கறுத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"இதப் பாத்துட்டா எங்கிட்ட 'அங்கயே இருந்தான்'னு சொன்னாவ?"

அண்ணே, ஏன் அப்படிச் சொன்னாய்? அவன் வந்துட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் வாயா வலித்திருக்கும்? அவன் கதவைத் தட்டியதை நீ பார்த்தாய். அவள் தட்டு வைத்ததையும் பார்த்தாய். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வெளியே பெஞ்சில் காத்திருந்தவளிடம் இல்லாத ஒரு முடிவைச் சொன்னாய். உன் முகத்தின் தெளிவு எதனால் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. புரிந்திருக்கவே வேண்டாம்.

அன்றையிலிருந்து மதினி நீ வர இருந்ததாகச் சொல்வதில்லை. புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை. பார்க்க வந்தவர்களை, தலைவலி என்று கதவு இடுக்கிலேயே பேசி அனுப்பியிருக்கிறாள். நேற்று நான் போன் செய்தால், நீ வர வேண்டாம், எனக்கு ஒரு குறையும் இல்லை, கொஞ்ச நாள் தனியாக இருந்துகொள்கிறேன் என்றாள். குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது.

உன்னிடமிருந்து நான் இன்னும் சுமந்துகொண்டிருப்பது இந்தப் பயம் ஒன்றுதான். அழுகிறவர்களைப் பார்த்து இப்போது நான் பயப்படுவதில்லை. அமைதியாகிறவர்களைப் பார்த்தால்தான் குலை நடுங்குகிறது. தனியா விடு என்று நீ சொன்னாய், மரியாதையாக விட்டோம். மதினியிடம் அந்த மரியாதை எல்லாம் கிடையாது. துணிமணியைப் பையில் போட்டுவிட்டேன். இதை முடித்துவிட்டு மெட்ரோ பிடிக்கப் போகிறேன். ஏன் வந்தாய் என்று திட்டுவாள், திட்டட்டும். அவள் திறக்கும்வரை மணியை அடித்துக்கொண்டே இருப்பேன்.