சிவப்பியும் யோகம்மாவின் வேலியும்

பெப்ரவரி 6, செவ்வாய்

எங்கள் மாட்டின் பால் ஒரு போத்தலுக்கு இறங்கிவிட்டது. மூன்று தரம் சினை ஊசி போட்டும் சிவப்பி சினைப்படவில்லை. "சித்திரைக்குள்ள சினை நிக்காட்டில் குடுத்திடுவம்" என்கிறார் இவர். யாருக்கு என்று சொல்லவில்லை. மலட்டு மாட்டை வாங்க வருகிறவன் யார் என்று எனக்குத் தெரியாதா?

காலையில் பக்கத்து வளவு யோகம்மாவின் வாய் வேறு. வேலிச் சண்டைக்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. தன் கோழிகளோடு பேசுவாள், எனக்குக் கேட்க. "பாருங்கோடி, அந்த வீட்டு மாடு வேலியைப் பிய்ச்சு எங்கட மாட்டின்ர முதுகில தாடையை வைச்சுக்கொண்டு நிக்குது. கேக்க ஆளில்லை!"

ஆத்திரம் வந்தது. சிவப்பியை இழுத்துப்போய் வளவின் மறுகோடியில் கட்டினேன்.

பெப்ரவரி 15

ஊசி போடும் வசீகரன் மாட்டின் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். கர்ப்பப்பையில் சீழ் இல்லை, சூலகத்திலும் பழுதில்லை. "கலப்பு மாடு அக்கா. வைக்கலும் உவர்த்தண்ணியும் எண்டால் பருவம் சத்தமில்லாமல் வந்து போகும். கத்தாது. நீங்கள் பிந்திச் சொல்லுறியள், நான் பிந்தி வாறன்."

தாது உப்பு தந்தார். வேறு என்ன அடையாளம் என்று கேட்டேன்.

"மற்ற மாட்டில ஏறும். இல்லாட்டித் தாடையை வைக்கும்."

தாடையை! ஐயோ, யோகம்மா சொன்னாளே. நான் மாட்டை அல்லவா இழுத்துக்கொண்டு போனேன்.

பெப்ரவரி 27

தாடை வைத்து இருபத்தொரு நாள். பருவம் திரும்ப வர வேண்டிய நாள். வேலியோடு கட்டலாம் என்று போனால், யோகம்மா புதுப் பனையோலை வைத்து அடைத்திருக்கிறாள். நாள் முழுக்கக் காவல் இருந்தேன். கால் வலிதான் மிச்சம். ஓலையைக் கழற்றச் சொல்லி அவளிடம் கேட்க வாய் வரவில்லை. கடைசியில் மாட்டிடம் உரத்துச் சொன்னேன்: "இனி எங்கயடி தாடை வைக்கப்போறாய்? சித்திரையோட உன்னைக் குடுக்கப்போகினமாம்."

பெப்ரவரி 29

வேலியில் இரண்டு ஓலை கழன்றிருக்கிறது. காற்றே இல்லை.

மார்ச் 20

விடியவே கோழிகளுக்கு அறிவிப்பு: "தாடை வைச்சிட்டுதடி! போன் எடுக்கிறவை உடனை எடுக்கட்டாம்!"

வசீகரனுக்குப் போன் எடுத்தேன். மத்தியானத்துக்குள் வந்து ஊசி போட்டுவிட்டார்.

ஏப்ரல் 10

திரும்பவும் பருவ நாள். சிவப்பி தாடை வைக்கவில்லை. யோகம்மாவுக்குக் கோழிகளோடும் பேச்சில்லை. இவரும் மாட்டை விற்கிற கதை எடுக்கவில்லை.

ஜூன் 12

சினைதான். வசீகரன் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். இவர் ஒரு கட்டுப் புல் கொண்டுவந்து போட்டார்.

வேலியடிக்குப் போனேன். யோகம்மா நின்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. அவளுடைய கோழிகளைப் பார்த்துச் சொன்னேன்: "சினை நிண்டிட்டுதாம்."

அவள் கோழிகளைப் பார்க்கவில்லை. "கண்டுக்குட்டி போட்டால் முதல் கறக்கிற கடும்புப் பால் எனக்கும் வேணும், சொல்லிப்போட்டன்" என்றாள், என்னிடம்.