முன்பக்கம் இரண்டு அங்குலம்

ஓவோஸோ, மிச்சிகன்
7 மே 2001

திரு. டாரல் ஹேகன் அவர்களுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே குப்பையில் போட நினைத்திருப்பீர்கள். போடாதீர்கள். நீங்களும் என் மகள் கொரினும் பிரிந்த அன்று, "இனிமே உங்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று வாசலில் நின்று கத்தினேன். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

விஷயம் கார். என் வீட்டுக்காரர் ஆர்வில் நவம்பரில் போய்ச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். பெயர் போடாமல் நீங்கள் அனுப்பிய பூக்கள் வந்தன. உங்கள் ஊர் டொலீடோ பூக்கடைச் சீட்டு அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய அறுபத்தொன்பதாம் வருஷத்துச் செவெல் கார் ஆறு மாதமாகக் கொட்டகையில் தூங்குகிறது. ஆகஸ்ட்டில் வுட்வர்ட் சாலையில் பழைய கார்களின் ஊர்வலம் வருகிறதே, இந்த வருஷம் அதை நானே ஓட்டிக்கொண்டு போகப் போகிறேன். "அம்மா, ஒனக்கு மூளை கீளை கழண்டுபோச்சா?" என்கிறாள் கொரின். கழன்றால் கழன்றது.

சிக்கல் என்னவென்றால், நான் ஐந்தடி. வண்டியோ மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டு மெத்தை போட்டு உட்கார்ந்தாலும் பானட்டும் வானமும்தான் தெரிகின்றன, ரோடு தெரியவில்லை. ஆர்விலைக் கேட்டபோதெல்லாம், "வேகமான வண்டி அப்படித்தான்டி நிக்கும்" என்பார். இங்கே டயர் கடைக்காரர் முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை நெருப்பு வைத்து வெட்டிவிட்டால் அரை மணியில் இறங்கிவிடும் என்கிறார். நீங்கள் பதினைந்து வருஷமாக லாரி ஸ்பிரிங் கடையில் இருக்கிறீர்கள். வெட்டலாமா, கூடாதா? ஒரு வரி போதும். குசலம் விசாரிக்க வேண்டாம்.

டெல்ஃபின் டெஸ்மர்


டொலீடோ, ஒஹையோ
11 மே 2001

மதிப்புக்குரிய அத்தைக்கு,

'திருமதி டெஸ்மர்' என்று எழுதிப் பார்த்தேன். பேங்க் நோட்டீஸ் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். மன்னிக்கவும்.

வெட்ட வேண்டாம். நீங்கள் கேட்ட ஒரு வரி முடிந்தது.

இனி நீங்கள் கேட்காதது. நெருப்பு பட்டால் ஸ்பிரிங்கின் முறுக்கு செத்துவிடும். வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் உங்கள் பற்கள் ஆடும். தாழ்வாக நிற்பதற்கென்றே குட்டையாகவும் கொஞ்சம் விறைப்பாகவும் செய்த ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. உங்களுக்கு முன்பக்கம் இரண்டு அங்குலம், பின்பக்கம் ஒன்று இறங்கினால் போதும். அதற்கு மேல் போனால் ரயில் தண்டவாளம் தாண்டும்போது அடி தட்டும்.

வாங்கும்போது எந்த எஞ்சின் என்று கேட்பார்கள், ஏனென்றால் எஞ்சினின் பாரத்தை முன் ஸ்பிரிங்தான் சுமக்கிறது. 'சின்ன எஞ்சினுக்கானது' என்று சொல்லுங்கள். மறந்துவிடாதீர்கள்.

கழற்றுகிற வேலையில் நீங்கள் கை வைக்காதீர்கள். இறுக்கிய முன் ஸ்பிரிங் கட்டு மீறினால் ஆளைத் தூக்கி அடித்துவிடும்.

குசலம் வேண்டாம் என்றதால் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

டாரல்


ஓவோஸோ
17 மே 2001

டாரல் அவர்களுக்கு,

சின்ன எஞ்சினா? பக்கவாட்டில் 396 என்று வெள்ளிப் பட்டை மின்னுகிறதே, அது என்ன வீட்டு இலக்கமா? அந்த வண்டியை ஆர்வில் முதன்முதலாக எங்கள் அம்மா வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்திய அன்று அலமாரியில் கோப்பைகள் கலகலவென்று ஆடின. பெரிய எஞ்சின் என்பதற்காகத்தான் அவர் அதை வாங்கினார். பாதி அதற்காகத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன். மாமனார் கண்ணை மூடியதும் அவர் எஞ்சினைச் சின்னதாக்கிவிட்டீர்களே!

முட்டிவலியை நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. மழை நாளில் மட்டும்தான்.

டெல்ஃபின்


டொலீடோ
22 மே 2001

அத்தைக்கு,

தயவுசெய்து சின்ன எஞ்சினுக்கானதையே வாங்குங்கள். காரணம் கேட்காதீர்கள். ஸ்பிரிங் விஷயத்தில் நான் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன்.

டாரல்


ஓவோஸோ
12 ஜூன் 2001

டாரல்,

பெரிய எஞ்சினுக்கானதையே வாங்கினேன். காரணம் சொல்லாதவன் பேச்சை எதற்குக் கேட்கவேண்டும்?

நேற்று டயர் கடையில் மாட்டினார்கள். பின்பக்கம் அழகாக ஓர் அங்குலம் இறங்கியது. முன்பக்கமோ இறங்கவே இல்லை! பழைய ஸ்பிரிங்காவது தளர்ந்து போயிருந்தது. புதுசு இன்னும் விறைத்துக்கொண்டு நிற்கிறது. இப்போது வண்டி ரொட்டித் துண்டுக்கு முன்னங்காலைத் தூக்குகிற நாய் மாதிரி இருக்கிறது.

டயர் கடைக்காரர் சுற்றிச் சுற்றி வந்தார். பானட்டைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், சவப்பெட்டி முன்னால் நிற்கிற மாதிரி.

"அம்மா, இந்த எஞ்சினை யாரு மாட்டினது?"

"கம்பெனிக்காரன் மாட்டினான். வேற யாரு?"

"அப்படீங்களா? நான் ஒண்ணும் சொல்லலைங்க. ஒங்க வீட்டு ஆளு யாரையாச்சும் கேளுங்க."

வீட்டு ஆள் யார் இருக்கிறார்கள்? கொரினுக்கு ஊசி போடத் தெரியும், எஞ்சின் தெரியாது. நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள். உங்களுக்கு இது புதிதும் அல்ல. கொரின் நர்ஸ் படிப்பு முடித்துப் பட்டயம் வாங்கிய அன்று மண்டபத்தில் உங்கள் நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது. சாயந்திரம் வந்து, மீன்பிடிக்கப் போனேன், படகு மோட்டார் நின்றுவிட்டது என்றீர்கள். நான் உங்களை வெறுக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். ஒரு மீன்கூடக் கொண்டுவரவில்லை நீங்கள்.

இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லுங்கள்.

டெல்ஃபின்


டொலீடோ
16 ஜூன் 2001

அத்தைக்கு,

மூன்று நாளாக உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். மாமாவுக்குச் சத்தியம் செய்திருந்தேன். மனுஷன் பொய்யை மறைக்கலாம். பாரத்தைச் சுமக்கிற ஸ்பிரிங் மறைக்காது போலிருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

1995 மே. நீங்கள் உங்கள் தங்கை வீட்டுக்கு, சாகினாவுக்குப் போயிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமா எனக்குப் போன் பண்ணினார். "மாப்ள, கயிறு எடுத்துக்கிட்டு ஒடனே வா. யார்கிட்டயும் சொல்லாத." போனால், ஊருக்கு வெளியே ஓட்டப்பந்தயம் விட்டிருக்கிறார். சிக்னலில் பக்கத்தில் புது வண்டியில் ஒரு பையன், "தாத்தா, அது ஓடுமா, இல்ல தள்ளணுமா?" என்று கேட்டானாம். அவ்வளவுதான். அறுபத்தொரு வயது. மூன்றாவது கியரில் எஞ்சினுக்குள் தண்டு ஒடிந்து, இரும்பைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ரோட்டோரம் புகைக்கு நடுவே நின்று, "ஆனா நாந்தான் முந்தினேன்டா" என்றார்.

கொரின் பிறந்தபோது இனிமேல் பந்தயம் விடமாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராமே. "டெல்ஃபின் நாளைக்கு வந்துருவா. வண்டி ஓடலேன்னா என்னைக் கொன்னு இதே கொட்டகையில பொதைச்சிருவா" என்று நடுங்கினார். என் நண்பன் பட்டறையில் 350 எஞ்சின் ஒன்று கிடந்தது. அதே ஆரஞ்சு வண்ணம் பூசி மாட்டினோம். பெரியதைவிட நூறு ராத்தலுக்கு மேல் எடை குறைவு. முன் ஸ்பிரிங்கை மாற்ற நேரமில்லை. அன்றைக்குத் தூக்கிய மூக்குதான் அத்தை, அது.

மறுநாள் சனிக்கிழமை, கொரின் பட்டயம் வாங்குகிற நாள், வேலை பாதியில் நின்றது. "நீங்க விழாவுக்குப் போங்க மாமா, நான் முடிச்சிட்டு வந்துடறேன்" என்றேன். வரமுடியவில்லை. அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியதாகவும், 'பொறுப்பில்லாத பய' என்று என்னைத் திட்டியதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். வருஷா வருஷம், "கொரின்கிட்ட சொல்லிடறேன்டா" என்பார். சொல்லவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நானும் கொரினும் பிரிந்தது இதனால் இல்லை. பேசவேண்டிய நாளெல்லாம் நான் கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தத் தப்பு என்னுடையது. மாமா தலையில் போடாதீர்கள்.

சரியான முன் ஸ்பிரிங் ஜோடி எங்கள் கடையில் இருக்கிறது. அனுப்பட்டுமா?

டாரல்


ஓவோஸோ
30 ஜூன் 2001

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கல்லறைக்குப் போனேன். "கெழட்டுப் பயலே! ஆறு வருஷமா என்னைச் சின்ன எஞ்சின்ல ஏத்திக்கிட்டு சுத்தினியா?" என்று சத்தம் போட்டேன். புல் வெட்டுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. புகைக்கு நடுவே 'நாந்தான் முந்தினேன்' என்றாராமே! அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத்தானே தெரியும். அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்சம் அழுதேன். எழுந்திருக்கத்தான் சிரமப்பட்டேன், முட்டி.

கடிதத்தைக் கொரினிடம் கொடுத்தேன். சமையலறையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். பாத்திரங்களைக் கழுவி முடித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் விழாவ விட்டுட்டு அந்தப் பட்டறைக்கே ஓடியிருப்பேம்மா. முட்டாப் பசங்க, ரெண்டு பேரும்" என்றாள். அப்பாவையும் உன்னையும் ஒரே வாக்கியத்தில் வைத்துத் திட்டினாள். அவள் குரலில் கோபம் இருந்தது. பழைய கோபமாகத் தெரியவில்லை. அதற்கு மேல் நான் எதையும் ஊகித்து எழுதமாட்டேன், நீயும் ஊகிக்காதே.

ஆறு வருஷம் உன்னை நான் பேசிய பேச்சுக்கெல்லாம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

ஸ்பிரிங்கை அனுப்பு.

அத்தை


டொலீடோ
9 ஜூலை 2001

அன்புள்ள அத்தைக்கு,

பெட்டி இன்று லாரியில் ஏறியது. டயர் கடைக்காரரிடம் சொல்லுங்கள்: கீழ்முனை அதன் பள்ளத்தில் சரியாகப் படியவேண்டும். குட்டையான ஷாக் அப்சார்பர்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன், அவற்றையும் போடச் சொல்லுங்கள். மாட்டியதும் உயரத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். முந்நூறு மைல் ஓடினால்தான் ஸ்பிரிங் படிந்து உட்காரும். அதற்கப்புறம் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கட்டும், அதற்கு முன்னால் பார்ப்பது வீண்.

மெத்தை ஒன்று போதும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்டதாக வைத்துக்கொண்டேன். அந்தக் கடிதத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

டாரல்


ஓவோஸோ
19 ஆகஸ்ட் 2001

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போய்விட்டு வந்தேன்! முந்நூறு மைல் ஓட்ட எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது. தங்கை வீட்டுக்கே நாலு தடவை போய்வந்தேன். "என்னடி, கேக்கு கொடுத்துட்டுப் போனவ பாத்திரம் வாங்க வர்ற மாதிரி வந்துக்கிட்டே இருக்கே?" என்று கேட்டுவிட்டாள். வண்டி இப்போது பதுங்கின பூனை மாதிரி தரையோடு நிற்கிறது. ரோடு முழுக்கத் தெரிகிறது. வளைவில் முன்பு படகு மாதிரி சாயும், இப்போது சாயவில்லை. நேற்று வுட்வர்டில் ஐந்து மணி நேரம் ஊர்ந்தோம். கொரின் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே தெரிகிறவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டே வந்தாள். மூளை கழன்றது எனக்கு மட்டும் இல்லை.

அங்கே நிறுத்தினால் முன்கண்ணாடியில் வண்டி விவரம் எழுதி வைக்கவேண்டும். ஆர்வில் எப்போதும் 396 என்று கொட்டை எழுத்தில் எழுதுவார். நான் உள்ளதை எழுதினேன்: 'எஞ்சின் 350. பெரியதை 1995இல் என் கணவர் ஒரு பையனோடு பந்தயம் விட்டு உடைத்தார். பந்தயத்தில் அவர்தான் ஜெயித்தார். ஸ்பிரிங்குகளைத் தேர்ந்தெடுத்தவர் என் மாப்பிள்ளை.'

கூட்டம் மொய்த்துவிட்டது. பக்கத்தில் இருந்த, துரும்புகூட ஒட்டாத பளபளப்பு வண்டியை ஒருவரும் சீண்டவில்லை. ஒருவர் குனிந்து, நிற்கிற உயரத்தைப் பார்த்துவிட்டு, "கச்சிதமா வச்சிருக்காரு. எங்கே இருக்காரும்மா ஒங்க மாப்பிள்ளை?" என்றார்.

"டொலீடோல இருக்காரு. எம் பொண்ணோட விவாகரத்து ஆயிடுச்சு."

அவர் தலையைச் சொறிந்தார். "அப்போ அவரு எப்படிம்மா மாப்பிள்ளை ஆவாரு?"

"கோர்ட்டு காகிதம் எம் பொண்ணுக்குத்தான் வந்துச்சு. எனக்கு யாரும் ஒண்ணும் அனுப்பலையே!" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கொரின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்தேன். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

பின்பக்கம் இடது மூலையில் மெல்லிசாக ஒரு கீச்சுச் சத்தம் கேட்கிறது. டயர் கடைக்காரரை நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போ. மத்தியானம் கோழி வறுக்கிறேன். நீ வருவாய் என்று கொரினிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "வரட்டுமே. நான் எதுக்கு ஊர விட்டு ஓடணும்?" என்றாள். இன்று காலையில், இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதே, என் மேசையில் நான்கு தட்டு எடுத்து வைத்துவிட்டு, "டயர் கடைக்காரரும் வருவாரில்ல?" என்று கேட்டாள். வரமாட்டார் என்றேன். ஒன்றை உள்ளே எடுத்து வைத்தாள். மூன்று மேசையிலேயே இருக்கின்றன.

அன்புடன்,
உன் மாமியார்
டெல்ஃபின்