நம்ம ஆள் மாட்டிய கேமரா

ஞாயிறு, 3

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாங்க வேண்டியவை: டயப்பர் (L), பால் மாவு, முதுகுப் புண்ணுக்குக் களிம்பு, பல்பு இரண்டு.

ஆபீசிலிருந்து அக்காவைப் பார்த்துக்கொள்ள ஹாலில் கேமரா மாட்டி ஒரு மாதம். ஓட்டையைச் சுற்றி சிமெண்ட் இன்னும் உதிர்கிறது. ஒரு வயர் போக மூன்று விரல் நுழையும் ஓட்டை. மிச்சத்தில் டிஷ்யூ பேப்பரைத் திணித்து அடைத்திருக்கிறார்கள். வயரைச் சுவரோடு சேர்த்து செலோடேப். மழைத் தண்ணீர் அந்த வழியாக இறங்கி, கட்டிலுக்கு நேர் மேலே பழுப்புக் கோடு.

அக்கா நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் கியூசி, தரம் பார்க்கிற வேலை. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கழித்துப் போட்டவள். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இடது கை, இடது கால் போயிற்று. கண்ணும் வாயும் அப்படியே இருக்கின்றன.

“இத நான் பாஸ் பண்ணியிருந்தா அன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க” என்றாள்.

கேமரா மாட்டிக் கொடுத்த சேகருக்கு மூன்றாவது முறை போன். ஆள் அனுப்புகிறாராம். போன வாரமும் அதே பேச்சு. கோவில் அன்னதானத்தில் முன்னால் நின்று பரிமாறுகிற மனிதர், நம்ம ஆள், ஏமாற்ற மாட்டார் என்றுதான் அவர் கடைக்குப் போனேன். பாஸ்வேர்டைக்கூட அவரையே போடச் சொன்னேன். எனக்கு இதெல்லாம் ஓடாது.

செவ்வாய், 5

நல்ல வெயில். எஸ்டேட் ஆபீசில் ஆள் வருகைப் பட்டியல் முழுக்கத் தப்பு. இரண்டு தரம் டைப் அடித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் கமலா என் மேசைக்கு வந்து நின்றாள். எட்டு வருடமாகப் பக்கத்து மேசை. எதையோ சொல்ல வந்து, என் டிபனில் என்ன என்று கேட்டாள். பிறகு சொன்னாள். நேற்று மாலை புருஷனோடு பீடோங் டவுனில் சேகர் கடைக்குக் கேமரா பார்க்கப் போனாளாம். படம் எவ்வளவு தெளிவு என்று காட்ட அங்கே ஒரு பெரிய டிவி இருக்கிறது. அதில் ஒரு ஹால், கட்டில், பச்சைக் கட்டம் போட்ட திரைச்சீலை.

“உங்க வீடு மாதிரி இருந்துச்சுக்கா. நான் தப்பா பாத்திருக்கலாம்.”

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஆறேகால் இருக்கும் என்றாள். திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, நான் அக்காவைத் துடைத்துவிட்டுக்கொண்டு இருந்ததாகச் சொன்னாள். புருஷனை உடனே வெளியே கூட்டிப் போய்விட்டாளாம். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

 டிபனைக் குப்பையில் கொட்டினேன்.

ஐந்து மணிக்கு நேராகக் கடைக்குப் போனேன். முகத்தில் மாஸ்க். சேகர் இல்லை. விற்பனைக்கு நிற்கிற ஆள் என்னை முன்பின் பார்த்ததில்லை. கேமரா வேண்டும் என்றேன். டிவியைக் காட்டினான்.

எங்கள் ஹால். அக்கா. நைட்டி முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடக்கிறது. வலது கையால் இழுத்துவிடப் பார்க்கிறாள், எட்டவில்லை. எனக்குப் பக்கத்தில் யாரோ ஒரு குடும்பம். அந்த மனிதன் கறிபாப் பலகாரம் தின்றுகொண்டே பார்க்கிறான். வாயோரம் எண்ணெய்.

“பாருங்கக்கா, சூம் பண்ணா மருந்து பாட்டில்ல உள்ள எழுத்துகூட தெரியும்” என்று விற்பனை ஆள் படத்தை அக்காவின் தலைமாட்டுக்குக் கிட்டே கொண்டுபோனான்.

இது யார் வீடு என்று கேட்டேன்.

“லைவ்தான்க்கா. நம்ம கஸ்டமர் வீடு. தெரிஞ்சவங்கதான், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

மாஸ்க்கைக் கழற்றி, அது என் அக்கா என்றேன். அவசரத்தில் ரிமோட்டை அமுக்கினான். வேறு ஒரு வீடு வந்தது. சமையற்கட்டில் யாரோ ஒரு பெண் வெங்காயம் உரிக்கிறாள். மறுபடி அமுக்கினான். இன்னொரு வீடு. தொட்டிலில் குழந்தை. அமுக்க அமுக்க வீடுகள்.

சேகரைக் கூப்பிடு என்றேன். 

சேகர் வந்தார். பையன்கள் ஆர்வத்தில் போட்டுவிட்டார்களாம். பாஸ்வேர்டை அவரையே போடச் சொன்னது நான்தானாம். கேமரா மாட்டிய அன்று நான் கையெழுத்துப் போட்ட தாளில் எல்லாம் இருக்கிறதாம். அத்தனைக்கும் சிரித்த முகம். கடைசியில் கேட்டார்:

“படுத்த படுக்கையா இருக்கறவங்கதானேம்மா. பாக்கறதுக்கு என்னா இருக்கு?”

இதை அப்படியே எழுதி வைக்கிறேன். பிறகு நானே நம்ப மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வயரைப் பிடுங்கினேன். சுவரும் கொஞ்சம் கையோடு வந்தது. கேமரா கெட்டுப்போயிற்று என்று அக்காவிடம் சொன்னேன். “ம்” என்றாள்.

புதன், 6

மேகமூட்டம். கை எத்தனை தரம் கழுவினாலும் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி.

கடையிலிருந்து வாட்ஸ்அப். ‘எங்கள் சேவையில் திருப்தியா? ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்.’ கீழே கும்பிடுகிற கை.

இனி அந்தக் கடைக்காரன் பெயரை முழுதாக எழுதப் பிடிக்கவில்லை. சே. அது போதும்.

ஒரு மாதம். ஒரு நாளைக்குக் காலை, மாலை இரண்டு தரம் துடைப்பு. கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறி இறங்குவார்கள்? பாசாரில் கீரை வாங்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தானே ஒருவன், அவனா? இல்லை, அவன் யாரையும் பார்த்துச் சிரிப்பான்.

இன்னொன்று. யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் நான் மட்டும்தான் பார்ப்பேன் என்று சத்தியம் பண்ணித்தான் கேமரா வைத்தேன். முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னாள். நானோ ஆபீசில் டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்து வைத்து, சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். ‘பாரேன், வாயைத் திறந்துகிட்டு தூங்குறா’ என்று கமலாவிடம் காட்டிச் சிரித்தேன். ஒரு தரம் மட்டும் இல்லை. அதனால்தான் அந்தத் திரைச்சீலை அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கறிபாப் தின்றவனுக்கும் எனக்கும் என்ன பெரிய வித்தியாசம்.

வெள்ளி, 8

லீவு. இங்கே வார லீவு வெள்ளி, சனிதான், ஞாயிறு வேலை நாள். காலை கனமழை, பத்து மணிக்கு விட்டது. அக்காவுக்குக் கஞ்சி, அவித்த முட்டை பாதி.

சே. வீட்டுக்கே வந்தான். கையில் ஆரஞ்சுக் கூடை, புதுக் கேமரா ஒன்று. கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துப் பேசினேன். குரலைத் தாழ்த்தச் சொன்னேன், அவன் தாழ்த்தவில்லை. டிவியில் வந்ததைப் பெரிசு பண்ண வேண்டாம் என்றான். கோவில் ஆட்களிடம் சொல்ல வேண்டாம். அக்காவைக் குளிப்பாட்டுவதை யாரும் நின்று பார்க்கவில்லை. இது இருட்டிலும் தெரிகிற கேமரா, இலவசமாகவே மாட்டித் தருகிறேன். இத்தனையும் தெருவுக்கே கேட்கிற குரலில்.

கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தேன். அக்கா கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

“டிவியிலயா?”

எல்லாவற்றையும் சொன்னேன். கமலா பார்த்தது, நான் கடைக்குப் போனது, மற்ற வீடுகள். அவள் அழவில்லை. ஏதோ சரக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

“கமலா நம்ம வீட்டுக்கு வந்ததே இல்லியே. இது நம்ம ஹாலுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் ஒன்று தயாராகவே இருந்தது. சொல்லவில்லை.

போனில் அவளைக் காட்டிச் சிரித்தேன் என்றதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மாலையில் வெந்நீர் கொண்டுபோனேன். தொடாதே என்றாள்.

சனி, 9

இன்றும் துடைக்க விடவில்லை. டயப்பர் மட்டும், அதுவும் போர்வைக்குள்ளேயே கையை விட்டு. பேச்சு இல்லை. ஹாலில் மூத்திர நாற்றம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், தினமும் மத்தியானம் எட்டிப் பார்த்து அக்காவுக்குத் தண்ணீர் கொடுப்பவர். இன்று வாசலிலேயே நின்று, சண்டையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஞாயிறு, 10

ஆபீசுக்குப் போகவில்லை. மழை இல்லை. எட்டு மணிக்கு அக்காவே கூப்பிட்டாள்.

“போலீஸ் ஸ்டேசனுக்குப் போவணும்.”

நான் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன்.

“அவனுங்க பாத்தது என்னை.”

மக்சிக்கின் மகன் வேனைக் கொண்டுவந்தான். சக்கர நாற்காலியை ஏற்ற மூன்று பேர். அக்கா வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் நீலச் சட்டையைக் கேட்டாள். தொளதொளவென்று இருந்தது. தலை சீவி, பவுடர் போட்டேன். அதற்கு மட்டும் விட்டாள்.

ஸ்டேசனில் ஒரு பெண் போலீஸ் கம்ப்யூட்டரில் அடித்தார். மலாயில் நான்தான் சொன்னேன். கேமரா, கடை, டிவி. என்ன தெரிந்தது என்று கேட்டபோது, அக்கா படுத்திருப்பது தெரிந்தது என்றேன். 

அக்கா என் கையைத் தள்ளினாள். “தெலாஞ்சாங்” என்றாள். அம்மணமாக. பிறகு நிறுத்தி நிறுத்தி அவளே சொன்னாள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. தினமும். ஒரு மாதம். கடையில் வந்து போகிறவர்கள் எல்லாரும். மற்ற வீடுகளும் இருக்கின்றன, அந்தப் பெண்களுக்கு இன்னும் தெரியாது, அதையும் எழுதுங்கள்.

பெண் போலீஸ் அடிப்பதை நிறுத்திவிட்டு அக்காவையே பார்த்தார். பிறகு முதலிலிருந்து அடித்தார். கையெழுத்து வலது கையால், கோட்டுக்கு வெளியே. வேறு தாள் கேட்டு இன்னொரு தரம் போட்டாள்.



செவ்வாய், 12

புழுக்கம். போலீஸ் அந்தக் கடை டிவியையும் கேமராப் படம் பதிவாகிற இரண்டு பெட்டிகளையும் எடுத்துப் போனார்களாம். கடை திறந்துதான் இருக்கிறதாம். கமலா சொன்னாள். அவளிடம் முன்மாதிரி பேச முடியவில்லை. அவள் மேல் தப்பில்லை.

கோவிலிலிருந்து ஒரு போன். நம்ம ஆளை இப்படி போலீசில் இழுத்துவிடலாமா, கூப்பிட்டு வைத்துப் பேசியிருக்கலாமே என்று. அக்காவும் நம்ம ஆள்தான் என்றேன். போனை வைத்துவிட்டேன்.

மாலை மக்சிக்கின் மகன் வந்து கட்டிலை ஹாலிலிருந்து நடு அறைக்கு மாற்றிக் கொடுத்தான். அறை சின்னது. கட்டில் போட்டதும் நடக்க ஒரு அடி இடம்தான். அக்காதான் அங்கே வேண்டும் என்றாள். அந்த அறைக்குக் கதவு இருக்கிறது.

பகலில் நான் ஆபீசிலிருந்து போன் பண்ணலாம், இஷ்டம் இருந்தால் எடுப்பாளாம். எடுக்காவிட்டால் பயந்துகொண்டே இரு என்றாள். இந்த ஐந்து நாளில் என்னிடம் இவ்வளவு பேசியது இதுதான்.

ஆறு மணிக்கு வெந்நீர், துண்டு, சோப்பு எடுத்துக்கொண்டு போனேன். பழக்கத்தில் கதவைத் தள்ளப் போய், நிறுத்திக்கொண்டேன். தட்டினேன்.  வாளியைக் கீழே வைத்தேன். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, “ம். வா.”