கஞ்சி வழிந்த தாடை

செவ்வாய், படுக்கும் முன்

தாடை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. துருத்தியிருந்த கீழ்த்தாடையைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். எலும்பு சரியாக உட்கார்ந்துவிட்டதாம். கன்னமும் உதடும் அதன்மேல் படிய இன்னும் மாதக்கணக்காகும் என்கிறார் டாக்டர்.

கீழுதட்டில் உணர்ச்சியே இல்லை. கஞ்சி வழிந்தாலும் தெரியாது. அப்போதெல்லாம் எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பா தன் தாடையைத் துடைத்துக்கொள்வார். அதைப் பார்த்து நானும் துடைத்துக்கொள்வேன். பேசி வைத்துக்கொண்டதல்ல, தானாக வந்த பழக்கம்.

என் பழைய தாடை அப்பாவுடையது. மட்டாஞ்சேரி சந்தையில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "முருகன்டெ மோளல்லே?" என்று மலையாளத்தில் கேட்பார்கள், முருகன் மகள்தானே என்று.

இன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா தன் தாடையைத் தொட்டார். துடைத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அவர் கையை எடுக்கவில்லை.

"இன்னும் இருக்காப்பா?"

"இல்ல மோளே, சும்மாதான்." தாடையைத் தடவியபடியே, "காலையில நாம சந்தைக்குப் போனப்ப மீன்காரச் சேட்டன் தனியா கூப்பிட்டு, கூட வந்த பொண்ணு ஆருன்னு கேட்டாரு" என்றார்.

ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனேன். கஞ்சி வழிந்திருக்க வேண்டும். இந்த முறை அப்பா தன் தாடையைத் தொடவில்லை. எட்டி, தோள்துண்டால் என் தாடையைத் துடைத்துவிட்டார். துண்டு அசைவதைப் பார்த்தேன். பட்டது தெரியவில்லை.

சின்ன வயதுக்குப் பிறகு அப்பா என் முகத்தைத் துடைத்தது இன்றைக்குத்தான்.

உணர்ச்சி திரும்பட்டும். ஒருநாள் வேண்டுமென்றே கொஞ்சம் சிந்திக்கொள்ள வேண்டும்.